மாமா வேகமாக்கிய கணினி

கிள்ளானில் வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால் முதல் குற்றவாளி வைரஸ். அடுத்தது, கடைசியாக அதைத் தொட்ட பிள்ளை. விசாரிக்க மாமா ஒருவர் வருவார். வேகம் கூட்டும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக் கொடுப்பார். கணினி எழும்போதே அதுவும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மாதம் அதைத் துப்புரவாக்க இன்னொன்று.

முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் 1985இல் முரசு தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது, டாஸ் கணினிகளின் நினைவகத்துக்கு 640 கிலோபைட்தான் உச்சவரம்பு. தமிழ் அதற்குள் அடங்கி ஓடியது. நமக்கு 8 ஜிகாபைட்; ராசிபலன் பார்க்கவே மூச்சு வாங்குகிறது.

பழைய கணினியில் நோய் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஆள் மாறிவிடும். புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் கடை கடையாக விற்கிறார்கள். மாமாவுக்குத்தான் மனம் வராது. வெள்ளி கொடுத்துச் சரிசெய்வதில் என்ன திறமை இருக்கிறது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, இனி வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது என்று மாமாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு லா! இனிமே அப்டேட் வந்து மெதுவாக்காது" என்றார்.