குற்றவாளி கதவுதான்!

ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். தப்பு துப்பாக்கியில் இல்லையாம், கதவில் இருக்கிறதாம்.

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டி ஊரின் ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரத்தம் காய்வதற்குள் செனட்டர் டெட் குரூஸ் பரிகாரம் சொன்னார்: பள்ளிக்கு ஒரே வாசல் வையுங்கள், அங்கே ஆயுதத்தோடு போலீஸை நிறுத்துங்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று பிள்ளைகள் கேட்கக் கூடாது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா?

கொன்றவனுக்கு 18 வயது நிரம்பி ஒரு வாரம்கூட ஆவதற்குள் இரண்டு ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கிவிட்டான். அதே டெக்சாஸில் ஒரு பாட்டில் பீர் கேட்டிருந்தால் கடைக்காரர் விரட்டியிருப்பார். அதற்கு 21 ஆக வேண்டும். குடித்துக் கெட்டுப்போய்விட்டால் யார் பதில் சொல்வது?

2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்துக் கிடந்தபோது, தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் வேய்ன் லபியர் வேதவாக்கு ஒன்றை அருளினார். துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் முடியுமாம். யுவால்டிக்கு நல்லவர்கள் வந்தார்கள். ஒருவர் இருவரல்ல, 376 பேர். துப்பாக்கி, கவச உடை, கேடயம் எல்லாம் இருந்தன. உள்ளே இருந்து ஒரு சிறுமி போன் போட்டு, சீக்கிரம் வாருங்கள் என்று கெஞ்சினாள். வந்தவர்களோ வகுப்பறைக் கதவுக்குச் சாவி தேடினார்கள். 77 நிமிடம் போனது. அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காது என்று பிறகு சட்டமன்றக் குழு சொன்னது.

காத்திருந்த நேரத்தில் ஒரு காவலர், சுவரில் மாட்டியிருந்த சானிடைசரை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டதைப் பள்ளிக் கேமரா பதிவு செய்திருக்கிறது. அவரை மட்டும் திட்டி என்ன பயன்? மேலே இருப்பவர்கள் எல்லோரும் கைகழுவியவர்கள்தானே.

மூன்றே நாளில் அதே மாநிலத்தின் ஹூஸ்டனில் துப்பாக்கிச் சங்கத்தின் மாநாடு. டிரம்ப் பேசிய அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை! அவருடைய பாதுகாப்புப் படையின் உத்தரவு அது. சங்கம் மறுபேச்சு பேசவில்லை. அங்கே கூடியவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள்தானே, ஐயா? அவர்கள் கையில் ஆயுதம் இருந்தால் தலைவருக்கு இன்னும் பாதுகாப்பு அல்லவா? தலைவரின் உயிர் என்று வந்தவுடன் வேதவாக்கு வாசலோடு நின்றுவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் அது போதும்.

துப்பாக்கி வாங்கும் வயதையாவது 21 ஆக்குங்கள் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார் ஆளுநர் கிரெக் ஆபட். 2023இல் அதற்கான மசோதா கமிட்டியைத் தாண்டியும் அவையில் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. இடையில் 2022 நவம்பரில் தேர்தல் நடந்தது. ஆபட் ஜெயித்தார், யுவால்டி கவுன்டியிலும் அவருக்கே பெரும்பான்மை.

கதவு, மனநோய், வீடியோ கேம், பிரார்த்தனை என்று ஆயிரம் சாக்கு சொல்லட்டும். கணக்கு ஒன்றுதான். துப்பாக்கிப் பிரியரைப் பகைத்தால் நாற்காலி போய்விடும். செத்த பிள்ளைக்கு ஓட்டு இல்லை.