சுறா ஒன்று, தகடு பல

1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் சுறாவுக்கு முன்னால் வருவது இரண்டே சுரங்கள். ஜான் வில்லியம்ஸ் அதைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, இயக்குநர் ஸ்பீல்பெர்க் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பிறகு அதற்கே ஆஸ்கர் கிடைத்தது.

திரையிசைத் தட்டுச் சேகரிப்பாளர்களுக்குச் சிரிப்பு வராது. அந்த ஆண்டு வெளியான இசைத்தட்டில் இருந்தது படத்தில் ஒலித்த பதிவே அல்ல; தட்டுக்கென்று தனியாக வாசித்தது. விவரம் தெரிந்ததும் தூக்கம் போயிற்று. 2000-இல் டெக்கா நிறுவனம் படத்தின் அசல் பதிவைக் குறுந்தகடாக்கியது. வாங்கினார்கள். 2015-இல் இன்ட்ராடா நிறுவனம் ஒலியைத் துலக்கி, இரண்டு தகடுகளாகக் கொடுத்தது. அதையும் வாங்கினார்கள். பழையதை விற்றார்களா என்றால் இல்லை. அதன் அட்டைப்படம் அழகாம்.

இப்போது அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பு. பழைய ஒலிநாடாவின் இரைச்சலை நீக்கினால் உயிரே போச்சு என்பார்கள். விட்டுவைத்தால், காசு வாங்கினவனுக்குத் துடைக்கத் தெரியாதா என்பார்கள்.

வீட்டில் ஒரே கேள்விதான்: எல்லாத் தகட்டிலும் அதே இரண்டு சுரம்தானே?

“இதில் டியூபாக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்” என்று ஹெட்போனை நீட்டுவார்கள். வாங்கி மாட்டிக்கொள்ளத்தான் ஆளில்லை.