சீட்டுக்கு இரண்டரை ஷில்லிங்

கே: கம்ப்யூட்டர் இல்லாத நூறு வருஷத்துக்கு முன்னால், இங்கிலாந்தின் சின்ன நகரங்களில் தொற்றுநோயை எப்படிக் கண்காணித்தார்கள்?

ப: காசு கொடுத்துத்தான்! 1889-ல் வந்த சட்டத்தை 1899-ல் எல்லா ஊருக்கும் கட்டாயமாக்கினார்கள். பெரியம்மை, டிப்தீரியா, டைபாய்டு என்று எதைக் கண்டாலும் டாக்டர் உடனே சுகாதார அதிகாரிக்குச் சீட்டு அனுப்ப வேண்டும். சொந்த நோயாளி என்றால் சீட்டுக்கு இரண்டரை ஷில்லிங். பொது மருத்துவமனை நோயாளி என்றால் ஒரு ஷில்லிங்தான். கிருமி பார்க்காத வித்தியாசத்தை கஜானா பார்த்தது. மறைத்தால் 40 ஷில்லிங் வரை அபராதம்.

சீட்டு போனதும் இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்பார். சாக்கடை அடைக்கிறதா, பால் யாரிடம், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்... பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள்! நாலு வீட்டிலும் ஒரே பால்காரர் பெயர் வந்தால், அடுத்த விசாரணை அவருடைய மாட்டுக் கொட்டகையில். மெத்தை, தலையணையை அள்ளிக்கொண்டு போய் நீராவியில் வேகவைப்பார்கள். அறைக்குள் கந்தகப் புகை.

1907 சட்டம் லைப்ரரி புத்தகத்தையும் விடவில்லை. தொற்று பட்ட புத்தகத்தை நேரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அடடா, இரவல் வாங்கிய பதினோரு புத்தகங்களுக்கு நான் சொல்லிவரும் சாக்குகளில் ஒன்றுகூட இவ்வளவு கம்பீரமாக இல்லை!