அரை நிழல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எதையும் அளவோடு வைத்துக்கொள் என்கிறார்கள். அந்த அளவு எவ்வளவு?
— இறத்தோட்டை வாசகர்

பதில்: உங்கள் ஊர் மிளகுக்கொடியைக் கேளுங்கள் தம்பி. நிழல் கூடினால் இலை தழைக்கும், காய் பிடிக்காது. வெயில் கூடினால் வாடிவிடும். அதற்கு வேண்டியது அரை நிழல். அதனால்தான் கொடி ஏறியிருக்கும் கிளிரிசிடியா மரத்தைக் கவ்வாத்துப் பண்ணுகிறோம். ஒரு மழை பெய்தால் மரம் மறுபடி கிளைத்துவிடும், திரும்பவும் கத்தியை எடுக்க வேண்டும். அளவும் அப்படித்தான், போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்கு உதவாது.

என் மாமியார் பிளேன்டீயில் சீனி கரைக்கமாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, மிடறுக்கு ஒரு தடவை நுனிநாக்கால் தொட்டுக்கொள்வார். கோப்பை காலியாகும்போது கையில் இன்னும் நாலு மணி சீனி மிச்சமிருக்கும்.

கேள்வி: முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்தில் ஐந்து தேர். எந்த வடத்தைப் பிடிப்பது?
— மாத்தளை நகர வாசகி

பதில்: கைக்கு எட்டுகிற வடத்தை.

கேள்வி: எழுபதுகளில் கப்பலேறி நீலகிரிக்குப் போனவர் என் அக்கா. எனக்கு வயது 68. போனில் பேசிவிட்டு வைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. 'அளவோடு கவலைப்படுங்கம்மா' என்கிறார்கள் பிள்ளைகள்.
— எல்கடுவ வாசகி

பதில்: அம்மா, அளவு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரான நம்மைத் தலை எண்ணித்தான் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல், விற்காத கீரைக்கட்டைப் பிரிக்கிற மாதிரி, ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கில் அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். போனவர்களுக்கு நீலகிரியிலும் தேயிலைதான் காத்திருந்தது. அவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் இரண்டு மலையில் ஒரே கொழுந்தைக் கிள்ளியிருக்கிறீர்கள்.

உங்கள் ஏக்கத்தில் ஒரு துளியும் குறைக்கச் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அக்காவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் போனைக் கையில் தந்துவிட்டு, அவர்கள் வெளியே போய்விடட்டும். பீலிக்கரையில் நீங்கள் இருவரும் பேசிய பேச்சுக்கு மூன்றாவது காது தேவையில்லை.

கேள்வி: நாலு தலைமுறையாக லயக் காம்பிராதான். காணி உறுதியும் இல்லை, மன உறுதியும் இல்லை. வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நடக்கூட யோசனையாக இருக்கிறது.
— உக்குவளை வாசகர்

பதில்: யோசனை வருவது நியாயம். 1948இல் சட்டம் போட்டுப் பறித்த குடியுரிமையில் மிச்சசொச்சமும் கைக்கு வர, 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. 2023இல் நம் ஆட்கள், மலையகத்துக்கு வந்த 200 வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்தார்கள். ஜூலை 28 கிளம்பி, ஓகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காணியும் வீடும் அப்போதும் கோரிக்கைதான்.

காணி உறுதியை மனுப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள். அதில் மட்டும் அளவு பார்க்காதீர்கள். கன்றை இந்த மழைக்கே நட்டுவிடுங்கள். பீலிக்குப் போய்வரும் பாதையோரமாக நட்டால், குடத்தில் தளும்பிச் சிந்துகிற தண்ணீரே அதற்குக் காணும்.