மூணு சாவடியும் ஒரு கட்டையும்

வாடா பேராண்டி, இப்படி திண்ணையில உக்காரு. கார் வாங்கிட்டியாமே! செகண்ட் ஹேண்டா இருந்தா இன்னா, காருதானே. உங்க ஆயா காலையிலேருந்து தெருவெல்லாம் சொல்லிகினு வர்றா. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சு. முன்னால மிளகாயும் பழமும் கோத்துக் கட்டியாச்சு. கண்ணாடிக்கு நடுவுல மயிலம் முருகன் படமும் ஒட்டியாச்சு. பாஸ்டேக் மட்டும் பெட்டிக்குள்ள ஆர்சி புக்கோட படுத்துக் கெடக்குது. ஏன்டா ஒட்டலன்னு கேட்டா, "டோல்கேட்டு வரும்போது எடுத்துக் காட்டிக்கலாம் தாத்தா"ங்கற. அபாரமான மூளை. உங்கப்பனுக்கு இதுல பாதி இருந்திருந்தா எட்டாவது பாஸ் பண்ணியிருப்பான்.

நான் மரக்காணத்து உப்பு லாரியில கிளீனரா ஏறி டிரைவரா எறங்கினவன். கேட்டைத் தாண்டுற வித்தை ஒண்ணு ரெண்டு தெரியும். உனக்கு மட்டும் சொல்றேன், வெளியில சொல்லிக்காத.

மொதல்ல நம்ம ஊரு பேரைப் பாரு. இடையஞ்சாவடி. ஈசிஆர்னு சொல்ற கிழக்குக் கடற்கரை ரோட்டுப் பக்கம் எறங்கினா பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி. ஆக மொத்தம் மூணு சாவடி. சாவடின்னா வழிப்போக்கன் மூட்டையை எறக்கி வச்சிட்டு காலை நீட்டுற எடம். தண்ணி குடிப்பான், ஊர்ப் பஞ்சாயத்தை ஓரமா நின்னு கேப்பான், ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்து போவான். இந்த மூணு சாவடியிலயும் காசு குடுத்துட்டு காலை நீட்டுடான்னு எவனும் சொன்னதில்ல. இப்ப அதே பேருல சுங்கச்சாவடி. திண்டிவனம் ரோட்டுல மொரட்டாண்டியில ஒண்ணு, மரக்காணம் ரோட்டுல அனுமந்தையில ஒண்ணு. நாம நடுவுல. அங்க காலை நீட்ட முடியாது, காசைத்தான் நீட்டணும்.

சுங்கம்னதும் ஒரு ராசா ஞாபகம் வருது. 1070-ல பட்டத்துக்கு வந்தான் முதலாம் குலோத்துங்கன். சுங்கத்தை எடுத்துட்டான்னு "சுங்கம் தவிர்த்த சோழன்"னு பேரு வாங்கினான். தொள்ளாயிரம் வருசம் தாண்டியும் பரீட்சையில ஒரு மார்க்குக்கு அவனைக் கேக்குறாங்க. இப்ப இருக்கிறவங்களுக்கு எத்தினியோ பட்டம் இருக்குது, அந்த ஒரு பட்டம் மேல மட்டும் யாருக்கும் ஆசை வரல. ஈசிஆர்ல 2002-ல வசூல் ஆரம்பிச்சாங்க. 2025 ஆகஸ்ட்ல மரக்காணம் - புதுச்சேரி 46 கிலோமீட்டரை நாலு வழியாக்க 2,157 கோடிக்கு மத்திய அமைச்சரவை சரின்னு சொல்லிடுச்சு. ரோடு அகலமாவ ஆவ கேட்டும் அகலமாவும். அதனால வித்தையை இப்பவே கத்துக்கோ.

வித்தைன்னா இதுதான். கேட்டு தூரத்துல தெரியும்போதே எந்த லைன்னு முடிவு பண்ணிடாத. அது கோழைங்க செய்யறது. கடைசி பத்தடி வரைக்கும் நேராப் போ. பக்கத்து லைன்ல ஒரு வண்டி கொறச்சலா இருக்குதா? சட்டுனு ஸ்டேரிங்கை ஒடி. இண்டிகேட்டர் போடாத, போட்டா பின்னால வர்றவனுக்கு நீ எங்க போறன்னு தெரிஞ்சிடும். இதுல மிச்சமாவறது ஒரு நாலு செகண்டு. அந்த நாலு செகண்டை வச்சி என்ன பண்ணுவியோ, எனக்குத் தெரியாது. கேட்டுல நிக்கிற வண்டி பாறாங்கல் மாதிரிடா, நகராது, ஒதுங்காது. மும்பையில பாந்த்ரா - வொர்லி கடல் பாலத்து டோல்கேட்டுகிட்ட, 2023 நவம்பர் 9-ஆம் தேதி ராத்திரி, வேகமா வந்த கார் ஒண்ணு காசு கட்ட நின்ன வண்டிங்க மேல போயி மோதி மூணு பேரு போயிட்டாங்க. வரிசையில ஒழுங்கா நின்னதைத் தவிர அவங்க ஒரு தப்பும் பண்ணல.

அப்புறம் உன் கைவித்தை. போன மாசம் உன் சிநேகிதன் கார்ல பொண்ணு பாக்கப் போனோமே, ஞாபகம் இருக்குதா? எந்த கேட்டுன்னு சொல்ல வேணாம். அவனும் உன்னை மாதிரிதான். டேக்கை ரெண்டு விரலுக்கு நடுவுல பீடி மாதிரி புடிச்சிகினு கண்ணாடியில வச்சான். குறுக்க நிக்கிற கட்டை தூக்கல. மேல காட்டினான், கீழ காட்டினான், ஆரத்தி சுத்துற மாதிரி ஒரு சுத்து சுத்தினான். மேல இருக்கிற பெட்டி அவனைக் கண்டுக்கவே இல்ல. பாப்பா ஒண்ணு கை மெஷினை எடுத்துகினு பூத்துலேருந்து எறங்கி வந்துது. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல, புகையில, வெயில்ல. இவன் அதுக்குள்ள பக்கத்து லைன்ல போயிடலாம்னு ரிவர்ஸ் போட்டான். பின்னால யாரு? டாரஸ் லாரி. உப்பு லோடு. தார்ப்பாய் ஓரத்துலேருந்து சொட்டு சொட்டா தண்ணி வடியுது. எனக்கு எங்க வீட்டு வாசல் மாதிரி தெரிஞ்ச வாசனை. 'டொக்'குனு ஒரு சத்தம். கிளீனர் பையன் எறங்கி வந்து பம்பரைப் பாக்கல, என்னைப் பாத்தான். "பெரியவரே, நீங்களாவது சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டான். அன்னிக்குப் பொண்ணு நல்லாத்தான் இருந்துது. நாம போயி சேந்ததுதான் பந்தி முடிஞ்சப்புறம்.

அந்த டேக்குல பேட்டரி கெடையாதுடா. மேல இருக்கிற மெஷின் ஒரு அலையை அனுப்புது, அது பட்டாத்தான் டேக் முழிச்சி நம்பரைச் சொல்லும். அதுக்கு டேக் கண்ணாடிக்கு உள்பக்கம், நடு கண்ணாடிக்குப் பின்னால ஒரே எடத்துல ஒட்டியிருக்கணும். நீ விரல்ல புடிச்சிகினு ஆட்டினா அது உன் விரலைத்தான் பாக்கும். கையில வச்சிகினு காட்டுற ஆளுங்க தொல்லை தாங்காமத்தான், 2025 ஜூலையில, இப்படி ஒட்டாத டேக்கை பிளாக்லிஸ்ட்ல போடுங்கன்னு நெடுஞ்சாலை ஆணையம் சொல்லிடுச்சு. பிளாக்லிஸ்ட்னா டேக் இருந்தும் இல்லாத மாதிரி. இல்லன்னா என்ன ஆவும்? 2021 பிப்ரவரி 15 ராத்திரியிலேருந்து டேக் இல்லாதவனுக்கு ரெட்டைக் கட்டணம். 2025 நவம்பர் 15-லேருந்து கொஞ்சம் எறங்கி வந்தாங்க: ரொக்கமா நீட்டினா ரெண்டு மடங்கு, போன்ல ஸ்கேன் பண்ணிக் கட்டினா ஒண்ணேகால் மடங்குன்னாங்க. முருகனை ஒரு சாண் தள்ளி ஒட்டுடா. அவரு கோவிச்சிகினு மலை ஏறுறவருதான், ஆனா இதுக்கெல்லாம் ஏற மாட்டாரு.

நம்ம பசங்க இன்னொரு யோசனை வச்சிருக்கானுங்க. முன்னால போறவனுக்கு கட்டை தூக்கும்போது அவன் வாலைப் புடிச்சிகினு கூடவே பூந்துடறது. ரோட்டுக்கு அடியில கம்பிச் சுருள் பொதைச்சி வச்சிருக்காங்க. மேல இரும்பு நிக்குதா, போயிடுச்சான்னு அதுதான் கட்டைக்குச் சொல்லுது. நீ ஒட்டிகினு போனா அது உங்க ரெண்டு பேரையும் ஒரே நீள வண்டின்னு நெனைக்கலாம். அது ஏமாந்தா ஒரு தடவை டோல் காசு லாபம். ஏமாறலன்னா கட்டை உன் பானட்டு மேல. பின்னால வர்றவன் பைக்ல இருந்தா அவன் கழுத்து மேல. பைக்குக்குத்தான் காசே கெடையாதே, இடது ஓரத்துல தனி வழி இருக்குதேன்னு கேக்காத. ஓசியில போறவனுக்குத்தான் அவசரம் ஜாஸ்தி.

ஆம்புலன்ஸ் லைனைப் பத்தி மட்டும் நான் வெளையாட்டா பேச மாட்டேன். கர்நாடகாவுல உடுப்பி பக்கம் பைந்தூர்கிட்ட ஷிரூர் டோல்கேட்டு. 2022 ஜூலை 20, நல்ல மழை. நோயாளியை ஏத்திகினு ஆம்புலன்ஸ் வேகமா வருது. வழியில தடுப்பு வச்சிருக்காங்க. சைரன் கேட்டு ஆளுங்க ஓடி வந்து ஒவ்வொண்ணா இழுக்கிறாங்க. ஈர ரோட்டுல வண்டி வழுக்கி பம்பரம் மாதிரி சுத்தி பூத்து மேல அடிச்சி, நாலு பேரு செத்துப் போனாங்க. அந்தப் படத்தை நீயும் போன்ல பாத்திருப்ப. வழி எப்பவும் தெறந்து கெடக்கணும்னு சட்டம் எழுதினவனுக்குத் தெரியும், தடுப்பை வச்சவனுக்குத் தெரியல. காலியா இருக்குதேன்னு நீ அந்த லைன்ல போயி நின்னாலும் அதே தடுப்புதான், உன்னுதுக்குச் சக்கரம் இருக்குது, அவ்ளோதான் வித்தியாசம். ஆம்புலன்ஸ் வரும்போது வழி விடலன்னா மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ-ல 10,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் உள்ளயும் போடலாம்.

என் பவுசையும் கேளு. உப்பு வாரி அம்பாரம் போட்டு காய விட்டுத்தான் ஏத்தணும். நாங்க ஈரமாவே அள்ளிப் போடுவோம். ஏன்னா, போற வழியில தண்ணி வடிஞ்சிடும், எடை கொறைஞ்சிடும்னு முதலாளி கணக்கு. தண்ணி வடிஞ்சிது, வாஸ்தவம். அது வடிஞ்சது சேஸ் மேலயும் பிரேக் குழாய் மேலயும். உப்புத்தண்ணி இரும்பைத் தின்னும்னு அளத்துல மம்பட்டி புடிச்ச சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும், எங்களுக்குத் தெரியல. ஒரு நா ராத்திரி கேட்டு வெளக்கு தெரியுது, பிரேக்கை மிதிக்கிறேன், கால் கீழ போவுது, வண்டி நிக்கல. கியரை எறக்கி எறக்கி, முருகா முருகான்னு கத்தி, கட்டைக்கு ஒரு முழம் முன்னால நின்னுது. பூத்துல இருந்த பெரியவரு எழுந்து நின்னுட்டாரு. சீட்டைக் கிழிச்சிக் குடுத்துட்டு, "தம்பி, வேட்டி நனைஞ்சிருக்குது"ன்னாரு. உப்புத்தண்ணிதான்னு சொன்னேன். நம்பல.

இன்னிக்கு அந்தக் கணக்கு நடக்காது. 2019-ல திருத்தின சட்டத்துல, கூடுதல் பாரத்துக்கு 20,000, மேல வர்ற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை போட நிறுத்தச் சொன்னா நிக்காம ஓடினா 40,000. அதிகமா ஏத்தினதை அங்கயே எறக்கிட்டுத்தான் போவணும், எறக்குற கூலியும் நம்மளுது. உப்புல கெடைக்கிற காசு இன்னான்னு உனக்குத் தெரியும். கேட்டுலயே நிக்காம எடை பாக்குற மெஷினும் வந்துடுச்சு, மெஷினுகிட்ட "அண்ணே, பாத்துப் போடுங்க"ன்னு சொல்ல முடியல. எங்க தலைமுறையோட அந்தக் கலை அழிஞ்சி போச்சு.

நான் அவங்க கட்சின்னு நெனைச்சிக்காத. ரோடு குண்டும் குழியுமா இருந்தாலும் கட்டை மட்டும் புதுசா பெயிண்டு அடிச்சிகினு நிக்கும், அது எனக்கும் வயித்தெரிச்சல்தான். அதுக்கு வழி இருக்குது. உன் டேக் ஒழுங்கா இருந்து, அதுல காசும் இருந்து, அவங்க மெஷின் வேலை செய்யலன்னா, தேசிய நெடுஞ்சாலை கேட்டுல காசு இல்லாமலே விடணும், பூஜ்யம் போட்டு ரசீதும் குடுக்கணும். 2018-லயே விதி வந்துடுச்சு. அதைக் கேளு. குடுக்கலன்னா 1033-க்கு போன் போடு. இருவது கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்து சொந்த வண்டியா இருந்தா மாசப் பாஸ் உண்டு, 2025-26-ல அது 350 ரூபாயா இருந்துது. ஆதாரை எடுத்துகினு போயி கேளு, அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க. 2025 ஆகஸ்ட் 15-ல வருசப் பாஸ் ஒண்ணு வந்துது, அப்ப 3,000 ரூபா, 200 தடவை போவலாம். அது மத்திய சர்க்கார் கேட்டுக்குத்தான். மாநில ரோட்டு கேட்டுல போயி நீட்டினா சிரிப்பாங்க. எந்த கேட்டு யாருதுன்னு பாத்து வச்சிக்கோ.

ஆனா இதையெல்லாம் பூத்துல இருக்கிற பாப்பாகிட்ட கத்திக் கேக்காத. "நான் யாருன்னு தெரியுமா?"ன்னு கேக்குறவனுங்களைப் பாத்திருக்கேன். மெஷினுக்கே அவன் யாருன்னு தெரியாமத்தான் கட்டை தூக்கல, அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? எட்டு மணி நேரம் புகையை முழுங்கிகினு உக்காந்திருக்குது. ரேட்டை அது வைக்கல.

சரி, என் பெருமையையும் சொல்லிட்டு முடிச்சிக்கிறேன். முந்தாநேத்து எக்ஸெல் வண்டியில மரக்காணம் போயிருந்தேன், அளத்துல பழைய கூட்டாளி ஒருத்தனைப் பாக்க. வரும்போது கேட்டுல ஒழுங்கா இடது ஓரமாத்தான் வந்தேன். வெயிலு. நிறுத்தி, "எம்மா, சாவடின்னு பேரு வச்சிருக்கீங்க, ஒரு வாய் தண்ணியாவது குடுக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். அது சிரிச்சிகினே பாட்டிலை நீட்டிச்சி. குடிச்சேன். வாயைத் தொடைச்சிகினு, நம்ம மூணு சாவடிக் கதையைச் சொல்லலாம்னு தொண்டையைக் கனைச்சேன். அதுக்குள்ள அது என் தலையைப் பாத்துது, ஹேண்டில் பாரைப் பாத்துது. "ஹெல்மெட்டை ஏன் தாத்தா மாட்டி வச்சிருக்கீங்க? அங்க முன்னால போலீஸ் நிக்குது, ஆயிரம் ரூபா. தலையில போடுங்க"ன்னுச்சு.

போடலாம்தான். ஹெல்மெட்டுக்குள்ள கூட்டாளி குடுத்த உப்பு ரெண்டு படி இருந்துது. எங்க கொட்டுறதுன்னு யோசிச்சிகினே நின்னேன். பின்னால ஒருத்தன் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சான்.