அச்சாரம் குடுத்த பொறவு கேக்கற கேள்வி

கண்ணு, கருத்துக் கேக்கறவங்க ரெண்டு வகை. மாட்டு வெலை பேசறப்ப, கை துண்டுக்கு வெளியில இருக்கறப்பவே கேக்கறவன் ஒருத்தன். துண்டுக்குள்ள கையைப் போட்டு, தரகன் வெரலைப் புடிச்சு வெலையை முடிச்சு, அச்சாரத்தையும் எண்ணிக் குடுத்துப்போட்டுக் கேக்கறவன் இன்னொருத்தன்.

சித்திரையில கண்ணபுரம் மாரியம்மன் நோம்பிக்குக் கூடற மாட்டுச் சந்தைக்கு ஒருக்காப் போய்ப் பாரு. மொதலாமத்தவன் காளையோட வாயைத் தொறந்து காட்டி, "எத்தனை பல்லுங்க?"ம்பான். கீழ ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டரை வயசுக்குப் பக்கம், எட்டும் சேந்திருந்தா அஞ்சை நெருங்கியாச்சுன்னு சொன்னாப் போதும். கேட்டுக்குவான். சுழி பாப்பான், நடக்க வுட்டுப் பாப்பான், புடிக்கலைன்னா நடையைக் கட்டுவான். ரெண்டாமத்தவன் மாட்டுக்குப் புதுக் கயிறு போட்டு, கழுத்துல சலங்கையும் கட்டித்தான் நம்மகிட்ட ஓட்டியாருவான். "உள்ளதைச் சொல்லுங்க, ஒளிக்காமச் சொல்லுங்க"ம்பான். பின்னங்கால் ஒண்ணு இழுக்குதேன்னு சொல்லிப் பாரு. மாட்டுக்குக் கால் இழுக்கறது அவங் கண்ணுக்குத் தெரியாது, என்ற நாக்கு நீளமா இருக்கறதுதான் தெரியும்.

நீ கேட்டதும் சலங்கை கட்டுன கேள்விதான். வூட்டைக் கட்டி, கிளிப்பச்சையும் ரோசாவும் பூசி, மேஸ்திரிக்குக் கணக்கையும் முடிச்ச பொறவு, நாலு பக்கமும் படம் புடிச்சு ஒறம்பரைக எல்லாம் இருக்கற வாட்ஸ்அப்புல போட்டே. "மனசுல பட்டதை ஓப்பனாச் சொல்லுங்க"ன்னு கீழ எழுதியும் வெச்சே. எல்லாரும் நெருப்புப் படமாப் போட்டுத் தள்ளினாங்க. புது வூட்டுக்கு ஏன் சாமி இத்தனை பேரு தீ வெக்கறாங்கன்னு நான் பயந்தே போனேன். உன்ற சின்ன மாமன் ஒருத்தந்தான் வெவரங் கெட்டவன், நீ எழுதுனதை நெசம்னு நம்பிப்போட்டான். மேக்கால இருக்கற சன்னலுக்குச் சன்ஷேடு பத்தாது, மத்தியானத்துக்கு மேல வெயில் நேராக் கட்டில்ல வுழும்னான். அடுத்த நிமிசம் நீ குரூப்பை வுட்டே வெளியேறிட்டே. மாமன் சொன்னது உனக்குக் கசக்கலை கண்ணு. அதை அத்தைமாருக அத்தனை பேரும் படிச்சாங்க பாரு, அதுதான் கசந்துச்சு.

இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல. பெரிய பெரிய தலையெல்லாம் வுழுந்த குழிதான் இது.

இராவணனையே எடுத்துக்க. அனுமான் வந்து ஊரைக் கொளுத்திப்போட்டுப் போன பொறவு சபையைக் கூட்டினான். என்ன பண்ணலாம், சொல்லுங்கன்னான். படைத்தலைவனுங்க ஒவ்வொருத்தனா எந்திரிச்சு, மனுசப் பசங்க ரெண்டு பேரு, கூட ஒரு கொரங்குக் கூட்டம், இதுக்குப் போயான்னு மாரைத் தட்டினாங்க. அன்னிக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தா, எரிஞ்ச ஊருக்கே மறுக்காவும் நெருப்புப் படம் போட்டிருப்பாங்க. அந்தச் சீதைப் பொண்ணைத் திருப்பி அனுப்பிரு, ஊரும் உசுரும் மிஞ்சும்னு சொன்னவன் விபீடணன்.

இந்த எடத்துலதான் கம்பரு ஒரு குசும்பு பண்றாரு. வால்மீகி இங்க வெக்காத இரணியன் கதையைக் கொண்டாந்து விபீடணன் வாயில போடறாரு. அதுக்குன்னு தனிப் படலமே இருக்குது. இரணியன் யாரு? பெத்த பையனைக் கூப்புட்டு, என்ன சாமி படிச்சே, சொல்லுன்னு ஆசை ஆசையாக் கேட்டவன். அப்பன் பேரைச் சொல்லுடான்னு வாத்தியாரு தலைபாடா அடிச்சுக்கிட்டும் பையன் நாராயணன் பேரைச் சொன்னான். கேட்டவனுக்குப் பொறுக்கலை. நெருப்புல போட்டான், ஆனையை ஏவி வுட்டான், கடல்லயுந் தள்ளினான். அதோட நிறுத்தினானா? உன்ற அரி எங்கடா இருக்கான்னு இன்னொரு கேள்வியும் கேட்டான். பையன் அதுக்கும் உள்ளதையேதான் சொன்னான். மிச்சப் பதில் தூணுக்குள்ள இருந்து வந்துச்சு.

பாத்தியா, கேட்டுப்போட்டுக் கோவிச்சுக்கிட்டவன் கதையை, கேட்டுப்போட்டுக் கோவிச்சுக்கப் போறவங்கிட்டயே சொல்றான் விபீடணன். இராவணனுக்குப் புரியலைன்னு நெனைக்காதே. நல்லாப் புரிஞ்சுது. அதனாலதான் கண்ணு முன்னால நிக்காதேன்னு கூடப் பொறந்தவனை ஊரை வுட்டே தொரத்தினான்.

அதெல்லாம் பழங்கதை அப்புச்சிம்பே. சரி, சீனாவுக்குப் போலாம். இது வரலாறு படிக்கற உன்ற தங்கச்சி எனக்குச் சொன்னது. 1956-ல மாவோ, நூறு பூவும் பூக்கட்டும்னாரு. 1957-ல கட்சியே எறங்கி வந்து, எங்ககிட்ட என்ன குறை, பயப்படாமச் சொல்லுங்கன்னு கேட்டுது. வாத்தியாருக, எழுதறவங்க, காலேசுப் பசங்க எல்லாரும் மொதல்ல தயங்கித்தான் நின்னாங்க. மறுக்கா மறுக்காக் கேட்கவும் வாயைத் தொறந்தாங்க. பீக்கிங் பல்கலைக்கழகத்துல செவுரு செவுராக் குறையை எழுதி ஒட்டினாங்க. சூன் மாசம் காத்து திரும்பிப்போச்சு. வலதுசாரின்னு முத்திரை குத்துப்பட்டவங்க 5 லட்சம் பேருக்கு மேல. அதுல எத்தனையோ பேரை ஒழைப்பு முகாமுக்கு ஓட்டி வுட்டாங்க. கணக்குக் காட்டோணும்னு சில எடத்துல வாயே தொறக்காதவனையும் சேத்துக்கிட்டாங்களாம். புத்துல இருக்கற பாம்பை வெளிய வரவழைக்கத்தான் அப்படிக் கேட்டோம்னு பின்னால அதுக்கு வியாக்கியானம் வேற. அந்த முத்திரை நெறையப் பேருக்கு அழியறதுக்கு 1970-கள் முடியற வரைக்கும் ஆயிப்போச்சு.

நீ குரூப்பை வுட்டுத்தான் போனே, மாமனை முகாமுக்கு அனுப்பலை. அந்த வகையில தங்கமான பையந்தான்.

ஆனா அந்த மாமனையும் நான் மெச்சலை. வாஸ்து பாத்து அவனோட மாடிப்படியையே ஒருக்கா இடிச்சுக் கட்டுனவன் அவன். அடுத்தவன் வூட்டுல குறை சொல்ல ஒரு சாக்குக் கெடைச்சாச் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. இப்பேர்ப்பட்டவங்க வாயில வர்றது நெசமாவே இருந்தாலும், அதைச் சொல்றப்ப அவங்க மொகத்துல ஒரு சந்தோசம் தெரியும் பாரு, அதுக்கே நாலு சாத்துச் சாத்தலாம்.

அதனால சொல்றேன், உனக்கு மெச்சிக்கறதுதான் வேணும்னா, மெச்சுங்கன்னே எழுதிப் போடு. "வூடு கட்டி முடிச்சுட்டேன், எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க"ன்னு போடு. நான் மொத ஆளா வந்து நாலு வரி எச்சாவே சொல்றேன். அதுல பாவமொண்ணும் இல்ல. புண்ணியார்ச்சனைக்கு வந்து பாலுங் குடிச்சு, மொய்யையும் எழுதிப்போட்டு, செவுரு கோணலா இருக்குதுன்னு சொன்னா அது மனுசத்தனமா? நெசந்தான் வேணும்னா, கடைக்கால் தோண்டறதுக்கு முன்னால, பிளான் காயிதத்தைச் சுருட்டிக்கிட்டு, தோட்டத்துக்குத் தனியா வா. அப்பவும் நல்லா இருக்குதுங்களான்னு கேக்காதே. எங்கே ஒழுகும், எங்கே வெந்து போகும்னு கேளு. அப்படிக் கேட்டா எந்தக் கெழவனும் பொய் சொல்ல மாட்டான். ஒருக்காப் பொய் சொல்லிப்போட்டா அப்புறம் ஆயுசுக்கும் அதையே பாத்துப் பாத்து மெச்சோணும், அந்தத் தொந்தரவு எனக்கெதுக்கு?

விபீடணன் மாதிரி ஊரை வுட்டுப் போற வயசும் எனக்கில்ல. நான் கும்பகர்ணன் கச்சி. நீ பண்ணினது தப்புன்னு அவனுஞ் சபையிலயே சொன்னான். தூக்கத்துல இருந்து எழுப்பி வுட்டப்பவும் சீதையை வுட்டுருன்னான். அண்ணன் கேக்கலை. சரி போன்னு சூலத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான், வேற பேச்சில்ல. எந்திரிச்சதும் 600 வண்டிச் சோறு உள்ள போச்சுன்னு கம்பரு கணக்குச் சொல்றாரு. எனக்கு அத்தனை வேண்டாம். அரிசியும் பருப்புஞ் சோறு ஒரு தட்டு, மேல நெய்யி ரெண்டு கரண்டி. தின்னுபோட்டு அந்த மேக்கால அறையிலயே படுத்துக்கறேன், கட்டிலைப் போடு. வூடு எப்படி இருக்குதுன்னு சாயங்காலம் எந்திரிச்சுச் சொல்றேன். கூடவே நீயும் படு கண்ணு, ஃபேனை மட்டும் போடாதே.