மருமகன் போட்ட பட்டை

இடம்: பண்ணைப்புரம், மாமா வீட்டுத் திண்ணை.

மாமா: ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர். வரவு செலவு முழுக்க மனக்கணக்கு.

மருமகன்: ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர மேலாண்மைப் பிரிவு. லேப்டாப்பைத் திறக்காமல் சாப்பிடக்கூட உட்காராதவர்.

மருமகன்: மாமா, தோட்டத்துல உங்களுக்குப் பெரிய பிரச்சினை எது?

மாமா: வௌவால்தான் மாப்ள. ராவு பூராம் தூக்கமில்ல.

மருமகன்: நேத்து எது?

மாமா: நேத்து வியாபாரி. பழம் உதிருது, விலையைக் குறைன்னு காலங்காத்தால போனைப் போட்டுக் கத்துனான். முந்தாநாளு உங்க அத்தை.

மருமகன்: பாத்தீங்களா! எவன் சத்தம் போடுறானோ அவன்தான் அன்னிக்குப் பெரிய பிரச்சினை. எங்க கம்பெனியில இதை ஒழிச்சுட்டோம். பரேட்டோ வரைபடம்னு ஒண்ணு இருக்கு. குறையை வகைவகையாப் பிரிச்சு எண்ணணும். அதிகமா இருக்கிறதுக்கு ஒசரமான பட்டை, இடது ஓரத்துல. அடுத்தது அதுக்குப் பக்கத்துல. இப்படியே குட்டையாகிக்கிட்டே போகும். மேல ஒரு வளைகோடு, கூட்டிக்கிட்டே போய் நூறுல முட்டும். மொத ரெண்டு மூணு பட்டையிலயே முக்கால்வாசிக் குறை அடங்கிடும். அதை மட்டும் சரி பண்ணினாப் போதும்.

மாமா: யாருப்பா இந்தப் பரேட்டோ? மில்லு வச்சிருந்தவரா?

மருமகன்: பொருளாதார அறிஞர் மாமா. 1848ல பாரிஸ்ல பொறந்த இத்தாலிக்காரர். சொத்தும் வருமானமும் கொஞ்சப் பேர் கையில குவிஞ்சு கெடக்குறதைக் கணக்குப் போட்டுக் காட்டினவர். குறையும் அதே மாதிரி கொஞ்சக் காரணத்துலதான் குவியும்னு சொல்லி, அதுக்கு இவர் பேரை வச்சது அமெரிக்காவுல ஜோசப் ஜூரான்.

மாமா: அப்ப பரேட்டோ இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல?

மருமகன்: அவர் 1923லயே காலமாயிட்டார். மேல போற வளைகோடுகூட 1905ல மேக்ஸ் லோரென்ஸ்னு இன்னொருத்தர் போட்ட வழி. பேரைத் தப்பா வச்சுட்டேன்னு ஜூரானே 1975ல கட்டுரை எழுதி ஒத்துக்கிட்டார்.

மாமா: பட்டா ஒருத்தர் பேர்ல, வரப்பு வெட்டுனது இன்னொருத்தர், வெள்ளாமை மூணாவது ஆளு. வில்லங்கம் பாக்காமலே வாங்கிட்டு வந்திருக்கியே மாப்ள.

மருமகன்: பேர்ல என்ன இருக்கு, பலனைப் பாருங்க. சென்னை பாடியில சுந்தரம் கிளேட்டன் 1998ல ஜப்பானோட டெமிங் பரிசையே வாங்குச்சு. இந்தியாவுல அதுதான் முதல். இந்த மாதிரி எண்ணிப் பாத்து வேலை செய்யிறதுக்குத்தான் அந்தப் பரிசு. டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனி மாமா.

மாமா: மதுரையில பஸ்ஸு விட்டவுகளா? அவுக பஸ்ஸைப் பாத்துத்தான் சனம் கடியாரத்தைத் திருப்பும்னு எங்கப்பாரு சொல்வாரு. பஸ்ஸுக்குள்ள பட்டை வரைஞ்சு வச்சிருந்ததாச் சொன்னதில்ல. சரி, என் தோட்டத்துக்குப் போடு, பாப்போம்.

மருமகன்: ஒரு பேச்சுக்கு, கழிச்சுப் போட்ட கொத்து நூறுன்னு வச்சுக்குவோம். உதிர்வு 46. செங்காய் 28. வெடிப்பு 12. சாம்பல் நோய் 6. மற்றவை 8. மொத ரெண்டுமே சேந்து 74. வெடிப்பையும் சேத்தா 86!

மாமா: ஆறை விட எட்டு பெருசாச்சே. ‘மற்றவை’ ஏன் கடைசியில நிக்குது?

மருமகன்: அது எவ்வளவு ஒசரமா இருந்தாலும் கடைசிதான் மாமா. தனியா வகை பிரிக்க முடியாததை எல்லாம் அதுல தள்ளுவோம்.

மாமா: வௌவால் எங்க?

மருமகன்: மற்றவையில, ஒண்ணே ஒண்ணு. உங்களைத் தூங்கவிடாத பிரச்சினை நூத்துல ஒண்ணுதான். படம் இல்லைன்னா இது தெரிஞ்சிருக்குமா?

மாமா: மாப்ள, வௌவால் தின்ன பழம் பெட்டிக்கு எப்படி வரும்? அது வவுத்துக்குள்ளல்ல போயிருச்சு. நீ எண்ணுனது கழிவுல வந்து விழுந்ததை மட்டுந்தான?

மருமகன்: அது… தரவு சேகரிப்போட எல்லைக்கு வெளிய வருது மாமா.

மாமா: அந்த எல்லையை வௌவாலுக்கு யாரு சொல்றது? சரி, அதை விடு. உதிர்ந்த பழத்தை நான் என்ன செய்வேன்? கூடையில அள்ளி ஜூஸ் கடைக்குப் போடுவேன். கம்மி விலைதான், ஆனாக் காசு வந்துரும். வெடிச்சது அப்படியா? ஒரு பழம் வெடிச்சாச் சாறு ஒழுகி, பெட்டி பூராம் பூஞ்சை புடிச்சு, கேரளா போய்ச் சேர்றதுக்குள்ள மொத்தமும் ஊசிப்போகும். உன் படத்துல அது பன்னெண்டு. எனக்கு நட்டமே அதுலதான்.

மருமகன்: அதுக்கும் வழி இருக்கு. எண்ணிக்கைக்குப் பதிலா ரூபாயை வச்சுப் பட்டை போட்டுருவோம். (தட்டுகிறார்.) இந்தா, வெடிப்பு மொத எடத்துக்கு வந்துருச்சு.

மாமா: இப்பத்தான் உதிர்வுன்ன. காப்பி ஆறுறதுக்குள்ள மாத்திப்புட்டியே?

மருமகன்: எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்துத்தானே மாமா வரும்.

மாமா: அப்ப எது பெருசுன்னு படம் சொல்லலை. எதை அளக்கணும்னு நீ முடிவு பண்ணினப்பவே சொல்லியாச்சு. படம் சும்மா தலையாட்டுது.

மருமகன்: சரி மாமா, காரணத்துக்கு வருவோம். செங்காய் ஏன் வருது?

மாமா: பறிக்கிற பொம்பளைகளுக்குக் கவனம் பத்தலை. எழுதிக்க.

மருமகன்: (துள்ளி) எங்க கம்பெனியிலயும் இதேதான்! மாசாமாசம் ஒசரமான பட்டை ‘தொழிலாளி கவனக்குறைவு’.

மாமா: மாசாமாசமா? ஒசரமானதை மொதல்ல சரி பண்ணிருவோம்னு சொன்ன?

மருமகன்: பயிற்சி குடுத்தோம். சுவரொட்டி ஒட்டினோம். காலையில வரிசையா நிக்க வச்சு உறுதிமொழி எடுக்க வச்சோம்.

மாமா: கவனக்குறைவுன்னு எழுதுறது யாரு?

மருமகன்: சூப்பர்வைசர்.

மாமா: அவருக்குப் பட்டை உண்டா?

மருமகன்: படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே.

மாமா: கட்டம் போட்டது?

மருமகன்: மேனேஜர்.

மாமா: நல்லா இருக்குப்பா கட்டம்!

மருமகன்: சிரிக்காதீங்க. நானும் கேக்குறேன். திராட்சை மாங்கா மாதிரி இல்ல, பறிச்ச பொறவு பழுக்காது. தெரிஞ்சும் செங்காயைப் பறிக்கச் சொன்னது யாரு?

மாமா: வியாபாரி லாரியைக் கொண்டாந்து நிறுத்திட்டான்.

மருமகன்: சரின்னு தலையாட்டினது?

மாமா: அன்னிக்கு விலை நல்லா இருந்துச்சுப்பா.

மருமகன்: பெட்டியில அமுக்கி அடைக்கச் சொன்னது? அதுலதானே பாதி உதிருது?

மாமா: கூடுதல் பெட்டிக்கு உங்கப்பனா காசு குடுப்பான்?

மருமகன்: வெடிக்கிறது, பழுக்கிற நேரத்துல மழை விழுந்தா. கம்பம் பள்ளத்தாக்குல வருசம் பூரா ஏதாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கும். எப்பக் கவாத்துப் பண்றோமோ அதை வச்சுத்தான் அறுவடை. மழைக்காலத்துல பழுக்கிற மாதிரித் தேதி குறிச்சது?

மாமா: எவனும் அறுக்காத நேரத்துல நம்ம சரக்கு போனா நல்ல காசுன்னு…

மருமகன்: ஆனைமலையன்பட்டியில திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. போய் ஒரு வார்த்தை கேட்டீங்களா?

மாமா: அங்கிட்டுப் போக எங்க நேரம்?

மருமகன்: அப்ப உதிர்வு, செங்காய், வெடிப்பு மூணையும் ஒரே கட்டத்துல போட்டுரலாம். ‘முதலாளி’. மொத்தம் 86.

மாமா: ஏய்… கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்திருக்காக. நீ அதைக் கொண்டாந்து என் நெத்தியில ஒட்டுற.

மருமகன்: நானாச் சொல்லலை மாமா. குறையில எண்பது சதவீதத்துக்கு மேல நிர்வாகம் சரி பண்ண வேண்டியது, தொழிலாளி கையில இருக்கிறது மிச்சம்தான்னு ஜூரானே சொல்லியிருக்கார். அந்தப் பரிசுக்குப் பேர் குடுத்த டெமிங் 94 வரைக்கும் போனார்.

மாமா: இது உங்க கம்பெனியில தெரியுமா?

மருமகன்: தெரியும். பயிற்சி வகுப்புல நான்தான் பாடம் எடுக்கிறேன்.

மாமா: பாடம் எடுத்துட்டு வெளிய வந்துதான் தொழிலாளிய வரிசையில நிறுத்தி உறுதிமொழி எடுக்க வச்சியாக்கும்.

மருமகன்: (லேப்டாப்பை மூடுகிறார்.) காப்பி ஆறிடுச்சு மாமா.

மாமா: பேச்சை மாத்தாத. போடு படத்தை. ‘முதலாளி அவசரம்’னு ஒசரமா ஒரு பட்டை. பெட்டி அடைக்கிற கொட்டகையில, அந்தப் பொம்பளைக கண்ணுல படுற எடத்துல ஒட்டு. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா ஒரு கண்டிசன். ஓசூர் போனதும் ‘மேனேஜர்’னு ஒரு பட்டையை நீ போடணும்.

மருமகன்: போட்டுரலாம் மாமா. அடுத்த மாசப் படத்துல என்னை மட்டும் ‘மற்றவை’யில தேடிக்கங்க.